ஏவ்பரி: உடைத்தவர்கள், குறித்தவர்கள், நட்டவர்கள்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ப்ராஜெக்டுக்காக எட்டு மாதம் இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்ற ஊரில் இருந்தேன். ரயில்வே பட்டறையை நம்பி வளர்ந்த ஊர். வேடிக்கை பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை என்று, கூட வேலை பார்த்தவர்கள் சனி ஞாயிறு ஆனால் லண்டனுக்கு ரயில் ஏறிவிடுவார்கள். எனக்கு லண்டன் இரண்டு தடவையிலேயே அலுத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பஸ் நிலையத்துக்குப் போய், டிவைசஸ் போகும் 49ஆம் எண் பஸ்ஸில் ஏறி, ஏவ்பரி என்ற கிராமத்தில் இறங்கினேன். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் எத்தனை முறை போனேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஓட்டுநர் ஒருவருக்கு என் முகம் பழகிப்போகும் அளவுக்குப் போனேன்.

இறங்கியதும் முதலில் தோன்றியது ஒரு சின்னக் குழப்பம். ஊருக்கு நடுவில் கற்களா, கற்களுக்கு நடுவில் ஊரா? ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான கற்கள் பெரிய வட்டமாக நிற்கின்றன. அந்த வட்டத்துக்குள்ளேயே வீடுகள். கூரை வேய்ந்த ஒரு மதுக்கடை. எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு ஒரு தார்ச்சாலை, அதில் லாரி போகிறது. கற்களைச் சுற்றி ஆடுகள் மேய்கின்றன. டிக்கெட் கிடையாது, கயிறு கிடையாது, 'தொடாதே' என்று அதட்ட ஆள் கிடையாது. போய்க் கல்லின் மேல் கை வைத்தேன். குளிர்ந்து, சொரசொரவென்று, பாசி பிடித்து இருந்தது.

நடந்துகொண்டே போனபோது இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே குட்டையாக ஒரு காங்கிரீட் கட்டை கண்ணில் பட்டது. நம் ஊரில் சர்வே கல் நட்டிருப்பார்களே, அதுபோல ஏதோ ஒன்று என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசையாக நான்கைந்து. அங்கே நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "அங்கே ஒரு கல் இருந்தது. இப்போது இல்லை. அதைச் சொல்லத்தான் அது" என்றார். இந்தக் கட்டுரை உண்மையில் அந்தக் கட்டையைப் பற்றியதுதான்.

ஏவ்பரி இருப்பது வில்ட்ஷயர் என்ற கவுண்டியில். கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி. சுண்ணக்கல் மேடுகள், கோதுமை வயல், ஆட்டு மந்தை, தெற்கே ராணுவப் பயிற்சி நிலம் என்று பெரும்பாலும் கிராமப்புறம். உலகம் முழுக்க எல்லோருக்கும் தெரிந்த ஸ்டோன்ஹெஞ்ச் இதே கவுண்டியில், ஏவ்பரிக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டர் போல இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே இடமாகத்தான் 1986இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சுற்றுலா பஸ்கள் வரிசை கட்டிப் போவது ஸ்டோன்ஹெஞ்சுக்கு. ஏவ்பரிக்கு என்னைப் போல 49ஆம் எண்ணில் வருகிறவர்கள்தான் ஜாஸ்தி.

அளவில் பார்த்தால் ஏவ்பரிதான் பெரியது. முதலில் ஒரு பிரம்மாண்டமான வட்ட அகழி. அதற்கு வெளியே தோண்டிய மண்ணைக் கொட்டிய கரை. கரையின் மேல் ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம் நடந்திருப்பீர்கள். அகழி இப்போது பாதிக்கு மேல் தூர்ந்து கிடக்கிறது. வெட்டிய காலத்தில் அதன் ஆழம் ஒன்பது மீட்டருக்குக் குறையாது. மான் கொம்பைக் கடப்பாரையாக வைத்துக்கொண்டு சுண்ணப்பாறையில் தோண்டியிருக்கிறார்கள். அகழிக்கு உட்புறம் நூறு கற்கள் அளவில் ஒரு பெரிய வட்டம்; உலகத்திலேயே பெரிய கல்வட்டம் இதுதான். அதற்குள் இரண்டு சின்ன வட்டங்கள். எல்லாம் ஒரே நாளில், ஒரே திட்டத்தில் கட்டியதல்ல. கி.மு. 2850 வாக்கில் ஆரம்பித்துச் சில நூற்றாண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது.

கற்களுக்கு சார்சன் என்று பெயர். மணல் இறுகிப் பாறையானது. இதற்காக மலையை வெட்டவில்லை. பக்கத்துப் புல்வெளிகளில் தானாகவே சிதறிக் கிடந்த பாறைகளை இழுத்து வந்து, செதுக்காமல் அப்படியே நட்டிருக்கிறார்கள். இன்னும் இழுக்காமல் விட்ட கற்களைக் கிழக்கே ஃபைஃபீல்ட் டவுன் என்ற மேட்டில் பார்க்கலாம். அவற்றுக்கு உள்ளூர்ப் பெயர் 'சாம்பல் கிடாய்கள்' என்று பொருள்படும். பெயரைப் படித்தபோது சிரித்தேன். அந்தப் பக்கம் மூடுபனியில் நடந்த ஒரு காலையில் சிரிப்பு அடங்கிவிட்டது. எது ஆடு, எது கல் என்று அசைந்தால்தான் தெரிகிறது.

சரி, நூறு கற்கள் இருந்த வட்டத்தில் இன்று நிற்பவை சுமார் முப்பது. மிச்சம் எங்கே போயின?

ஒரு பகுதி மண்ணுக்குள் போயிற்று. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஊர்க்காரர்கள் பக்கத்திலேயே குழி தோண்டிக் கற்களைச் சாய்த்துப் புதைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவ ஊரில் பழைய தெய்வங்களின் கற்கள் எதற்கு என்று செய்தார்களா, உழவுக்கு இடைஞ்சல் என்று செய்தார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. உடைக்கவில்லை, புதைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பயம் கலந்த மரியாதை என்று எனக்குப் படுகிறது.

இந்தப் புதைப்பில் ஒரு கதை உண்டு. 1938இல் அப்படி ஒரு கல்லைத் தோண்டி எடுத்தபோது அதன் கீழே ஒரு மனித எலும்புக்கூடு இருந்தது. கூடவே ஒரு கத்தரிக்கோல், மருத்துவர் பயன்படுத்தும் ஊசி போன்ற ஒரு கருவி, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த வெள்ளிக் காசுகள். முடிதிருத்துவதையும் சின்னச் சின்ன ரண வைத்தியத்தையும் சேர்த்துச் செய்த நாவிதர் ஒருவர் கல்லைச் சாய்க்கும்போது அடியில் மாட்டிக்கொண்டார் என்று முடிவு கட்டினார்கள். நம் ஊரிலும் நாவிதர்கள் வைத்தியம் பார்த்தவர்கள்தானே, அதனால் இந்த ஆளை எனக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. எலும்புக்கூடு லண்டனில் அறுவை மருத்துவர்களின் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1941இல் அங்கே ஜெர்மன் குண்டு விழுந்தது. எலும்பு அழிந்தது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். 1990களின் கடைசியில் அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருப்பது தெரியவந்தது. எடுத்து மறுபடி ஆராய்ந்தார்கள். கல் விழுந்து நசுங்கிய அடையாளம் எலும்புகளில் இல்லை! வேறு எப்படியோ இறந்தவரை அந்தக் குழியில் போட்டு மூடியிருக்கலாம். அறுபது வருடம் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லிவந்த விபத்துக் கதை, ஒரு பெட்டி கிடைத்ததில் ஆட்டம் கண்டுவிட்டது. பொருளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் இது சாத்தியமாயிற்று. அந்தக் கல்லுக்கு இன்றும் நாவிதர் கல் என்றுதான் பெயர்.

புதைத்ததாவது பரவாயில்லை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து உடைக்க ஆரம்பித்தார்கள். சார்சன் சம்மட்டிக்கு எளிதில் மசியாத கல். அதனால் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். கல்லைச் சுற்றிக் குழி பறித்து அதில் சாய்ப்பது, வைக்கோலும் விறகும் அடுக்கித் தீ வைப்பது, கல் நன்றாகப் பழுத்ததும் எங்கே பிளக்க வேண்டுமோ அந்தக் கோட்டில் தண்ணீரை ஊற்றுவது, உடனே சம்மட்டியால் ஓங்கி அடிப்பது. கல் படீரென்று பிளக்கும். இதையே தொழிலாகச் செய்த டாம் ராபின்சன் என்பவரின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. ஏவ்பரியின் பழைய வீட்டுச் சுவர்களை உற்றுப் பாருங்கள். நான்காயிரம் வருடக் கல்வட்டம் துண்டு துண்டாக அங்கே இருக்கிறது.

படித்தபோது எனக்கு ராபின்சன் மேல் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், அவருக்கு அது தோட்டத்தில் கிடந்த பாறை. வீடு கட்டக் கல் வேண்டும், உழ நிலம் வேண்டும். எங்கள் அப்புச்சி வேறு என்ன செய்தார்? கொங்குப் பக்கம் எங்கள் அம்மா ஊரில், மேட்டுக்காட்டு ஓரத்தில் ஒரு கல்வட்டம் இருந்தது. விடுமுறைக்குப் போகும்போது நாங்கள் பசங்கள் அதில் ஏறிக் குதித்து விளையாடுவோம். "உச்சி வெயில்ல அங்க போவாதீங்கடா" என்று அம்மாயி சத்தம் போடும். நான் காலேஜ் சேர்ந்த சமயத்தில் ஒருநாள் போய்ப் பார்த்தால் வட்டம் இல்லை. சோளம் விதைத்திருந்தார்கள். அன்று எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

(ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கல்வட்டங்களுக்கும் ஏவ்பரிக்கும் எந்த உறவும் கிடையாது. நம்முடையவை இரும்புக் காலத்து ஈமச்சின்னங்கள், நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்தவை மாதிரி. ஏவ்பரி அவற்றைவிட மிகப் பழையது, இடுகாடும் அல்ல. வட்டமாகக் கல்லை வைத்தவர்கள் எல்லாம் உறவினர்கள் என்று கிளம்பினால் அதற்கு எல்லையே இல்லை.)

உடைத்தவர்கள் கதை போதும். குறித்தவர்களுக்கு வருவோம்.

1649 ஜனவரியில் ஜான் ஆப்ரி என்ற வில்ட்ஷயர் இளைஞர் நண்பர்களோடு நரி வேட்டைக்கு வந்தவர், இந்தக் கற்களுக்கு நடுவே வந்து நின்று அசந்துபோனார். ஊர்க்காரர்கள் தினமும் பார்த்தவைதான். ஆனால் இது மனிதர்கள் கட்டிய ஒரு பெரிய அமைப்பு என்று கண்டவர் அவர். 1663இல் இரண்டாம் சார்லஸ் மன்னரையே கூட்டிவந்து காட்டினார், அளந்து வரைபடமும் போட்டார். ஸ்டோன்ஹெஞ்ச் ஒரு சின்ன ஊர்த் தேவாலயம் என்றால் இது கதீட்ரல் என்கிற பொருளில் எழுதினார். எழுதியது அச்சேறவில்லை. அவருடைய நினைவுச்சின்னக் குறிப்புகள் கையெழுத்துப் பிரதியாகவே முந்நூறு வருடம் கிடந்து, 1980களில்தான் புத்தகமாகின.

அடுத்து வந்தவர்தான் என் நாயகன், வில்லியம் ஸ்டூக்லி. தொழில் வைத்தியம். நியூட்டனின் நண்பர், ஆப்பிள் விழுந்த கதை நமக்குத் தெரிவதில் இவர் எழுதிவைத்த குறிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 1719 முதல் 1724 வரை வருடந்தோறும் ஏவ்பரிக்கு வந்து தங்கினார். உடைப்பு மும்முரமாக நடந்த வருடங்கள் அவை. தடுக்க அவரிடம் அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை. அதனால் தன்னால் முடிந்ததைச் செய்தார். எந்தக் கல் நிற்கிறது, எது விழுந்து கிடக்கிறது, எது போன இடத்தில் வெறும் குழி இருக்கிறது, யார் எப்போது உடைத்தார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதினார், வரைந்தார். கல்லைத் தீயில் இட்டு உடைக்கும் காட்சியைக்கூட வரைந்து வைத்திருக்கிறார். ராபின்சன் பெயர் நமக்குக் கிடைத்ததும் இவரால்தான்.

ஆனால் இதே ஸ்டூக்லி 1743இல் வெளியிட்ட புத்தகத்தில், ஏவ்பரி ட்ரூயிட் பூசாரிகள் கட்டிய கோயில், வட்டமும் இரண்டு பக்கம் நீளும் கல்வரிசைகளும் சேர்ந்து ஒரு பாம்பின் உருவம் என்று ஒரு பெரிய தத்துவத்தையே கட்டினார். ட்ரூயிடுகள் காலத்தால் இரண்டாயிரம் வருடம் பிந்தியவர்கள். பாம்பு அவருடைய கற்பனை. இந்தப் பாம்பினாலேயே பிற்காலத்தில் அவருடைய அளவுகளையும் பலர் சந்தேகப்பட்டார்கள்.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஸ்டூக்லியின் பாம்புக்குத் தலை, ஓவர்ட்டன் குன்றின் மேல் இருந்த சாங்க்சுவரி என்ற சின்னக் கல்வட்டம். ஏவ்பரியிலிருந்து தென்கிழக்கே இரண்டரை கிலோமீட்டர் அளவுக்கு நீளும் ஜோடிக் கற்களின் வரிசை போய் முடியும் இடம் அது. ஸ்டூக்லி அதை வரைந்த சூட்டோடு, 1724இல், கற்களைப் பிடுங்கி நிலத்தை உழுதுவிட்டார்கள். இருநூறு வருடத்துக்கு அது எங்கே இருந்தது என்றே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 1930இல் மாட் கன்னிங்டன் என்ற டிவைசஸ் ஊர் அம்மையார், அந்தப் பழைய குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு குன்றில் தேடினார். கிடைத்தது. கல் ஒன்றுகூட இல்லை. கற்களும் அவற்றுக்கு முன்பு மரத்தூண்களும் நின்ற குழிகள் மண்ணில் வேறு நிறத்தில் வட்டம் வட்டமாக இருந்தன. இன்று அங்கே போனால் புல்தரையில் காங்கிரீட் கட்டைகள் மட்டும்தான். கல் இருந்த இடத்துக்கு ஒரு வடிவம், மரத்தூண் இருந்த இடத்துக்கு இன்னொரு வடிவம். பக்கத்தில் நெடுஞ்சாலையில் கார்கள் பறக்கின்றன. பார்க்க ஒன்றுமே இல்லாத இடம். நான் அங்கே ஒரு மணி நேரம் இருந்தேன்.

வால் விஷயம் இன்னும் மேல். மேற்கே பெக்காம்ப்டன் பக்கமும் இப்படி ஒரு கல்வரிசை போனது என்று ஸ்டூக்லி எழுதியிருந்தார். அவர் காலத்திலேயே அங்கே பெரும்பாலான கற்கள் போய்விட்டன. இன்று வயலில் தனியாக நிற்பவை 'ஆதாம்', 'ஏவாள்' என்ற இரண்டே கற்கள். அதனால் அறிஞர்கள் பலர் நம்பவில்லை. தலைக்கு ஏற்ற வால் வேண்டுமே என்று இட்டுக்கட்டியிருப்பார் என்றார்கள். 1999இல் பல்கலைக்கழகக் குழு ஒன்று அந்த வயலைத் தோண்டியது. கற்கள் நின்ற குழிகள், புதைத்த கற்கள், எரித்து உடைத்த தடயம் எல்லாம் வந்தன. சுமார் 250 வருடம் பொய்யர் பட்டம் சுமந்தவர், அந்த வரிசை விஷயத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு சர்வர் விழுந்தால் முதலில் லாகைப் பார்ப்போம். என்ன நடந்தது என்பது லாக். ஏன் நடந்தது என்பது நம் அனுமானம். அனுமானம் பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். அது பரவாயில்லை, லாக் சரியாக இருந்தால் அடுத்த ஷிப்டில் வருகிறவன் கண்டுபிடித்துவிடுவான். அனுமானத்துக்கு ஏற்ப லாகைத் திருத்தினால்தான் ஆபத்து. ஸ்டூக்லி கடைசிக் காலத்தில் பாம்புக்குத் தோதாகச் சில இடங்களில் கோடுகளை வளைத்ததும் உண்டு. அதிர்ஷ்டவசமாக, களத்தில் நின்று போட்ட முதல் குறிப்புகளை அவர் கிழித்துப் போடவில்லை.

இனி வாங்கியவர்கள். 1871இல் ஏவ்பரி வட்டத்தின் ஒரு பகுதி வீட்டு மனைகளாக விற்பனைக்கு வந்தது. ஜான் லப்பக் என்ற வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர், அதை வாங்கி நிறுத்தினார். (இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் இவரே, அதே 1871இல். எறும்புகளைப் பற்றியும் புத்தகம் எழுதியிருக்கிறார். எப்படித்தான் நேரம் கிடைத்ததோ!) தனி ஆளாக எவ்வளவு நிலத்தை வாங்க முடியும் என்று, சட்டத்துக்குப் போராடினார். 1882இல் பண்டைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமையாளர் சம்மதித்தால்தான் அரசு பொறுப்பேற்க முடியும் என்கிற பல்லில்லாத சட்டம்தான். ஆனாலும் அந்த நாட்டில் அதுதான் முதல் படி. 1900இல் பிரபுப் பட்டம் கிடைத்தபோது அவர் தேர்ந்தெடுத்த பெயர் 'ஏவ்பரி பிரபு'.

அப்புறம் அலெக்சாண்டர் கெய்லர். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஆரஞ்சு மார்மலேட் செய்து விற்ற பணக்காரக் குடும்பத்து வாரிசு. பக்கத்து விண்ட்மில் குன்றில் ரேடியோ கோபுரம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் 1924இல் அந்தக் குன்றையே வாங்கினார். பிறகு ஏவ்பரியில் கொஞ்சம் கொஞ்சமாக நிலம், வீடு, மாளிகை எல்லாம் வாங்கி, 1937 முதல் 1939 வரை வட்டத்தைத் தோண்டினார். புதைந்த கற்களைத் தூக்கி அவற்றின் பழைய குழியிலேயே நட்டார். இன்று நாம் பார்த்து வியக்கும் மேற்குப் பக்க வளைவு பெரும்பாலும் அவர் நிறுத்தியது. அவருக்கு முந்தைய புகைப்படங்களில் அந்த இடம் வேலியும் மரமும் கொட்டகையுமாகத்தான் இருக்கிறது. நான் முதல் நாள் கை வைத்த கல் நாலாயிரம் வருடம் அசையாமல் நின்ற கல் என்று நினைத்திருந்தேன். அறுநூறு வருடம் மண்ணுக்குள் படுத்திருந்து, என் தாத்தா காலத்தில் எழுந்தது! கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. புதைத்த ஊர்க்காரர்கள்தான் அதை ராபின்சனிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றியதும் ஏமாற்றம் போய்விட்டது.

ஆனால் கெய்லர் கணக்கில் ஒரு பற்று வரியும் உண்டு. வட்டத்துக்குள் இருந்த வீடுகள், கொட்டகைகள் அவருக்கு இடைஞ்சல். வாங்கி இடித்தார். மரங்களை வெடி வைத்துத் தகர்த்தார். வட்டத்துக்குள் குடியிருந்தவர்கள் மேற்கே ஏவ்பரி ட்ரஸ்லோ என்ற இடத்துக்குப் போக வேண்டியதாயிற்று. 1943இல் கெய்லர் தன் நிலத்தை 12,000 பவுண்டுக்கு நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் விற்றார். போருக்குப் பிறகும் கொஞ்ச காலம் வீடுகள் காலியாகக் காலியாக இடிப்பது தொடர்ந்தது. பிறகுதான் கிராமமும் ஒரு மரபுதானே என்று யாருக்கோ உறைத்து நிறுத்தினார்கள். 17ஆம் நூற்றாண்டில் கல்லை உடைத்து வீடு கட்டினார்கள், 20ஆம் நூற்றாண்டில் வீட்டை உடைத்துக் கல் நட்டார்கள். எந்தக் காலத்து அடையாளம் மதிப்பானது என்று தீர்ப்பு சொல்லும் இடத்தில் குடியிருப்பவர் எப்போதும் உட்காருவதில்லை. ட்ரஸ்லோவில் இருக்கும் வீடுகளையும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். சாதாரண வீடுகள். பலகை எதுவும் கண்ணில் படவில்லை.

போர் வந்ததால் கெய்லர் வேலை பாதியில் நின்றது. வடகிழக்குப் பக்கம் இன்றும் பெரும்பாலும் வெறும் புல்தரை. அவர் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது, கல் கிடைக்காத குழியில் வேறு கல் கொண்டுவந்து நடாமல் விட்டது. பக்கத்து மேட்டில் சார்சனுக்கா பஞ்சம்? நினைத்திருந்தால் வட்டத்தை முழுசாக்கியிருக்கலாம், வருகிறவர்களுக்கும் படத்துக்கு அழகாக இருந்திருக்கும். அதற்குப் பதில் அசிங்கமான ஒரு காங்கிரீட் கட்டை. தெற்கு உள்வட்டத்தின் நடுவில் ஒரு பெரிய கல் விழுந்து கிடந்ததை ஸ்டூக்லி வரைந்திருந்தார். அது பின்னால் உடைபட்டுவிட்டது. கெய்லர் அதன் குழியைக் கண்டுபிடித்தார். அங்கே மற்றவற்றைவிடப் பெரிய கட்டை நிற்கிறது. டேட்டாபேஸில் 'இல்லை' என்பதும் 'தெரியாது' என்பதும் வேறு வேறு என்று புதிதாகச் சேரும் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு இந்தக் கட்டைதான் ஞாபகம் வரும்.

ஏவ்பரியிலிருந்து தெற்கே வயல் வழியாக அரைமணி நேரம் நடந்தால் சில்பரி மேடு. கவிழ்த்த கிண்ணம் மாதிரி, முப்பது மீட்டருக்கும் மேல் உயரம், சுமார் கி.மு. 2400. ஐரோப்பாவில் வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் எழுப்பிய மேடுகளில் இதுதான் பெரியது. ஐந்து லட்சம் டன் சுண்ணமும் மண்ணும். எதற்கு? உள்ளே ராஜாவும் தங்கமும் இருக்கும் என்று 1776இல் உச்சியிலிருந்து நேராகக் கிணறு வெட்டினார்கள். 1849இல் பக்கவாட்டில் சுரங்கம். 1968இல் பிபிசி தொலைக்காட்சியின் செலவில் இன்னொரு சுரங்கம், நேரலை ஒளிபரப்போடு. ஒரு சமாதியும் இல்லை, ஒரு குந்துமணித் தங்கமும் இல்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் உச்சியில் திடீரென்று பெரிய பள்ளம் விழுந்தது. 1776இன் கிணற்றை ஒழுங்காக மூடாததன் பலன். உள்ளே இருந்த வெற்றிடங்களை எல்லாம் சுண்ணம் கொண்டு அடைத்து முடிக்க 2008 ஆகிவிட்டது. இப்போது ஏற அனுமதி இல்லை. சாலையோரம் நின்று பார்க்கலாம்.

சாலையைத் தாண்டி எதிர் மேட்டில் ஏறினால் வெஸ்ட் கென்னட் நீள்சமாதி. கி.மு. 3650 வாக்கில் கட்டியது, அதாவது கல்வட்டத்தைவிடப் பழையது. நூறு மீட்டர் நீள மண்மேட்டின் ஒரு முனையில் ஐந்து கல்லறைகள். குறைந்தது 36 பேரின் எலும்புகள் அங்கே கிடைத்தன. அத்தனை பேரையும் ஒரு தலைமுறைக்குள் வைத்திருக்கிறார்கள் என்று சமீபத்திய காலக்கணிப்பு சொல்கிறது. கதவு, காவல் எதுவும் இல்லை. குனிந்து உள்ளே போய் நிற்கலாம். நான் போனபோது உள்ளே யாரோ மெழுகுவத்தி ஏற்றி, கோதுமைக் கதிர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

போகிற எண்ணம் இருந்தால் ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள், சேற்றுக்குத் தாங்கும் செருப்பு அல்ல, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஏவ்பரியிலேயே கெய்லர் பெயரில் ஒரு சிறிய அருங்காட்சியகம் உண்டு. மிச்ச நேரத்துக்கு அதே 49இல் டிவைசஸ் போனால் வில்ட்ஷயர் அருங்காட்சியகம். புஷ் பேரோ தங்கம் அங்கேதான் இருக்கிறது. ஸ்டோன்ஹெஞ்சும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 1915இல் அதை ஏலத்தில் 6,600 பவுண்டுக்கு எடுத்த செசில் சப், மூன்று வருடத்தில் நாட்டுக்கே கொடுத்துவிட்டார். அங்கேயும் சாய்ந்த கற்களை நிமிர்த்தியிருக்கிறார்கள், விழுந்தவற்றைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்கும்போது அது தெரிவதில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் மாமாவுக்கு போன் போட்டு மேட்டுக்காட்டுக் கல்லைப் பற்றிக் கேட்டேன்.

"அதா மாப்ள? அப்புச்சி கட்டுத்தரை கட்டறப்ப ஒடச்சு அடிக்கல்லுக்குப் போட்டுட்டாரு. பெருசு ஒண்ணு ஒடையவே இல்ல. அத அப்படியே வாய்க்காலுக்குக் குறுக்க பாலமாப் போட்டாச்சு. தொவைக்கிற கல்லும் அதுல வந்ததுதான்."

"மொத்தம் எத்தன கல்லுங்க மாமா இருந்துச்சு?"

"ஆறு இருக்கும்."

அம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது என்றாள், கண்ணாமூச்சி ஆடும்போது எண்ணியதாம். நான் ஏறிக் குதித்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது நான்குதான். நோட்டுப் புத்தகத்தில் தோராயமாகக் காட்டை வரைந்து, கிணறு, வேப்பமரம், வாய்க்கால் எல்லாம் குறித்து, மூன்று எண்ணிக்கையையும் யார் சொன்னது என்று பக்கத்தில் எழுதித் தேதி போட்டிருக்கிறேன். பொங்கலுக்குப் போகும்போது டேப் எடுத்துக்கொண்டு போய் அந்தப் பாலக்கல்லை அளக்க வேண்டும்.